சிவப்பு டோக்கன்

சர்க்கரை ஆலையில் மூன்று மணிச் சங்கு ஊதியபோது தன்சுக் பர்மார் பாயில் சம்மணமிட்டு, அடிவயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தார். தீவு நகரமான லவுட்டோக்காவைச் சுற்றி அன்று அது மூன்றாவது கிராமம். மூன்றிலும் யங்கோனா, வேரைப் பிசைந்து கரைத்த விருந்துப் பானம். ஓட்டுக் கேட்டு வந்தவன், நீட்டிய கொட்டாங்கச்சியை மறுக்க முடியாது. ஒரே மூச்சில் குடித்தாக வேண்டும். அறுபத்து நாலு வயது. சர்க்கரை வியாதி வேறு.

கூடத்தின் நடுவே மரத்தொட்டியில் அடுத்த சுற்றுக்கு வேரைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். ஊர்த்தலைவர் குடித்து முடிக்கும்வரை யாரும் எழுவதில்லை.

"அபிநேஷ், பாத்ரூம் போகணும்டா."

தேர்தல் வேலை பார்க்கும் பையன் உதடு அசையாமல் பேசினான். "இப்ப எந்திரிச்சா இந்த ஊரே எதிர்க்கட்சிக்குப் போயிரும் சேட். அடக்கிக்குங்க. மந்திரியானப்புறம் நிம்மதியாப் போகலாம்."

வாசலில் அவருடைய சுவரொட்டி காற்றில் படபடத்தது. 'எண்ணூறு குடும்பங்களுக்குச் சோறு போட்டவர்.' அதனடியில், பெண்கள் பக்கத்தில், லைசானி உட்கார்ந்திருந்தாள். அவருடைய தையல் ஆலையில், அதை மூடும்வரை காலர் வைத்தவள். தலை வெளுத்திருந்தது. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மாவைத் தெரியுமா?" என்றான் அபிநேஷ். "சர்ச் பொம்பளைங்க எல்லாம் அது சொன்னாத்தான் கேப்பாங்க."

தன்சுக் தலையாட்டினார்.

அந்த ஆலையில் அந்தக் காலத்தில் தையல் வரிசைக்கு ஒரு சிவப்பு டோக்கன் இருந்தது. கயிற்றில் கோத்த மரத்துண்டு. அதைக் கழுத்தில் மாட்டினால்தான் கழிப்பறை. ஒருத்தி திரும்பி வந்து ஆணியில் மாட்டிய பிறகே அடுத்தவள் போகலாம். சிட்னி வியாபாரி ஆலையைப் பார்க்க வந்த அன்று ஆணியில் டோக்கன் இல்லை. லைசானி அப்போது பிள்ளைத்தாச்சி. மேற்பார்வையாளரிடம் கேட்டாள். மறுபடியும் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. அவளது ஸ்டூலுக்கு அடியில் ஈரம் படர்வதை வியாபாரியும் தன்சுக்கும் சேர்ந்துதான் பார்த்தார்கள்.

"துணில படாம பாத்துக்கோ," என்றார் தன்சுக், அவள் மொழியிலேயே. அந்த மொழியில் அவருக்குத் தெரிந்தவை ஏவல்கள் மட்டும்தான்.

டோக்கனைக் கடைசியாக எடுத்துப் போனவள் லைசானியின் தங்கை மேரே. தொலைத்துவிட்டாள் என்று அன்றே வேலையைவிட்டு நிறுத்தினார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது தன்சுக்கின் பையில் அது தட்டுப்பட்டது. வேலை நேரம் எப்படி மிச்சமாகிறது என்று வியாபாரிக்கு விளக்க, ஆணியிலிருந்து எடுத்தவர் அவர்தான். மறுநாள் புது டோக்கன் செய்யச் சொன்னார். அவ்வளவுதான் செய்தார்.

லைசானி தலைவரைப் பார்த்து ஏதோ சொன்னாள். கூடம் சிரித்தது. தன்சுக்குக்குக் காது எரிந்தது. அந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அவருக்குப் புரியவில்லை. சொல்லிவிட்டாள் என்று நினைத்தார். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தலைவர் கையை உயர்த்தினார். தொட்டியில் பிசைந்த கைகள் நின்றன.

"எந்திரிங்க சேட்," என்றான் அபிநேஷ். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். "பாவம் பெரிய மனுஷன், பாய் நனையறதுக்கு முன்னாடி விட்டுருங்கன்னு அந்தம்மா சொல்லுது."

குனிந்தபடி எல்லோரையும் கடந்து வெளியே வந்தார். லைசானி முன்னால் நடந்தாள். தகரக் கழிப்பறை வாசலில் அவர் ஊரார் போட்ட மாலையைக் கழுத்திலிருந்து கழற்ற, அவளே வாங்கி வைத்துக்கொண்டாள். உள்ளே நெடுநேரம் ஆயிற்று. கதவைத் திறந்தபோது அவள் அங்கேயே சொம்பில் தண்ணீரோடு நின்றிருந்தாள். அவர் கைகளை நீட்டினார். ஊற்றினாள்.

"மேரே போன வருஷம் செத்துப் போச்சு, பாஸ்," என்றாள், ஆலையில் பழகிய அவருடைய மொழியில்.

"கேள்விப்பட்டேன்," என்றார். கேள்விப்பட்டிருக்கவில்லை.

அவள் மாலையைத் தூக்கினாள். தன்சுக் குனிந்து கழுத்தைக் கொடுத்தார். பூக்கள் அதற்குள் வாடி, கயிறுதான் பிடரியில் உறுத்தியது. அவள் அதைச் சரிசெய்துவிட்டாள்.

"ஆணில திருப்பி மாட்டிட்டேன், மாட்டிட்டேன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தா. கூடப் பொறந்தவ, நானே நம்பல. நீங்க அன்னைக்கு அங்கதானே இருந்தீங்க. சொல்லுங்க பாஸ், அவ மாட்டினாளா?"