பெடல் மாறி மிதித்தவள்

குருநகரில் கிறிஸ்ரினாவின் மானம் கப்பலேறியது ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு. அதுவரைக்கும் அவள் ஊரிலுள்ள ஐந்து பிள்ளைகளைத் தன் சிவப்புக் காரில் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்குகிறவள், மழையென்றும் வெயிலென்றும் ஒரு நாள் பிந்தாதவள். அன்று கோயில் முடக்கில் திரும்பும்போது பிறேக்கை மிதித்தாள். கார் நிற்கவில்லை. மாதா கூட்டின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய் மதிலில் முட்டித்தான் நின்றது. ஐந்து பேரில் சந்தியோகுவின் மகளுக்கு உதடு வெடித்து ரத்தம் வழிந்தது. மற்றப் பிள்ளைகளுக்குக் கீறல்கூட இல்லை, ஆனால் அவர்கள் அலறிய அலறல் அவளுடைய காதை விட்டுப் போகவேயில்லை.

முதலில் ஓடிவந்தவன் கோயிலுக்கு எதிரே கராஜ் வைத்திருக்கும் டினேஸ். இரண்டு நாளைக்கு முன் காரின் முன்சில்லுகளுக்குப் புதுப் பிறேக் பாட்களும், அவை கவ்விப் பிடிக்கிற இரும்புத் தட்டான டிஸ்க்கும் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். பின்னாலேயே அவளுடைய புருஷன் கனிசியஸ் ஓடிவந்தான். இரண்டு பேரும் சில்லடியில் குந்தியிருந்து ஏதோ குசுகுசுத்தார்கள். பிறகு டினேஸ் எழும்பிச் சனத்தைப் பார்த்துச் சொன்னான்.

"பிறேக்கிலை ஒரு பிழையுமில்லை. அக்கா பெடல் மாறி மிதிச்சிட்டா."

அந்த ஒரு வசனம் போதுமாயிருந்தது. மீன் சந்தையிலும் பூசை முடிந்த வாசலிலும் அதுதான் கதை. பொம்பிளை கார் ஓடினால் உப்பிடித்தான் என்றார்கள். அடுத்த திங்கட்கிழமை ஐந்து பிள்ளைகளும் வேறொரு பள்ளிக்கூட வான் வண்டியில் ஏறிப்போனதைக் கிறிஸ்ரினா வீட்டுப் படலைக்குள் நின்று பார்த்தாள். பதினொரு வருடம் கார் ஓடிய காலுக்குப் பிறேக் எது, அக்சிலேற்றர் எது என்று தெரியாதா?

டினேஸ் பழைய டிஸ்க்கைத் தேய்த்துப் பூட்டிவிட்டுப் புதிது என்று சொல்லியிருக்கிறான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எந்தச் சனத்துக்கு முன்னால் அவன் அதைச் சொன்னானோ, அதே சனத்துக்கு முன்னால் அவன் முகத்தில் கரி பூச வேண்டும். விபத்து நடந்த அன்றே உழவு இயந்திரம் பிடித்துக் காரை வீட்டுக்கு இழுப்பித்திருந்தாள். தறப்பாள் போட்டுக் கட்டி, ஒருத்தரும் விரல்கூட வைக்கக் கூடாது என்று புருஷனுக்கும் சேர்த்துச் சொன்னாள். மூன்று மாதம் கறுவிக்கொண்டு திரிந்தாள். கைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பிறேக் வேலை முழுவதையும் பாடமாக்கினாள். ரவுண் கடையில் புதுப் பாட்களும் டிஸ்க்குகளும் வாங்கிவந்தாள். ஏன் இந்தக் கரைச்சல், வேறு கராஜில் கொடுப்போம் என்று கனிசியஸ் நாளுக்கு நாலு தரம் சொன்னான். அவளுக்காகத்தான் பயப்படுகிறான் என்று நினைத்து அவனில் இரக்கப்பட்டாள். பாவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிகிற நேரம் பார்த்து, ஆட்களைப் பிடித்துக் காரைக் கோயில் வாசலுக்குத் தள்ளுவித்தாள். சனம் வெளியே வந்தபோது அவள் ஜக் அடித்துக் காரை உயர்த்திக்கொண்டிருந்தாள். ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. டினேஸ் கராஜ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நில்லடா, உனக்குத்தான் இந்தத் திருவிழா என்று அவள் மனதுக்குள் சொன்னாள்.

சில்லைக் கழற்றினாள். பாட்களைப் பிடித்திருக்கும் கலிப்பரைக் கழற்றி, பிறேக் குழாய் இழுபடாமல் கம்பியால் கட்டித் தூக்கிவிட்டாள். டிஸ்க்கைச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டி இழுத்தெடுத்து வெயிலில் பிடித்தாள்.

புது டிஸ்க். தேய்மானமே இல்லை. விளிம்பெல்லாம் கறுப்பாகப் பிசின் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. விரலில் தொட்டு மணந்து பார்த்தாள்.

சுறா எண்ணெய். அதோடு எரிந்த எஞ்சின் ஒயில்.

அந்தக் கலவை குருநகரிலேயே ஒரு வீட்டில்தான் இருந்தது. கடல் காற்றுக்கு இரும்பெல்லாம் கறள் பிடிக்கும் என்று கனிசியஸ் தன் படகின் நங்கூரம் முதல் படலைக் கதவின் பிணைச்சல், அவளுடைய தையல் மெசின் வரைக்கும் அதைத்தான் பூசுவான். பூசக் கூடாத இரும்பும் உலகத்தில் இருக்கிறது என்று கடலுக்குப் போகிற அந்த மனுஷனுக்கு யார் சொல்வது? பிறேக் பாட் பிடிக்கிற இடத்தில் எண்ணெய் பூசினால் கார் எங்கே நிற்கும்!

அவள் திரும்பிப் பார்த்தாள். கனிசியஸின் முகம் செத்துப்போயிருந்தது. கிட்ட வந்து குனிந்தான்.

"புதன்கிழமை பின்னேரம் பாத்தன், புது டிஸ்க் கறள் பிடிச்சிருந்தது. நல்லதெண்டு நினைச்சுத்தான் பூசினனான்," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

டினேஸும் றோட்டைக் கடந்து வந்துவிட்டான். அவனும் குனிந்தான். "அண்ணைதான் அண்டைக்கு என்ரை கையைப் பிடிச்சுக் கெஞ்சினவர். தெரிஞ்சா மகளின்ரை ரத்தத்துக்குச் சந்தியோகு அடிச்சே போடுவான் எண்டு. நானும் சொல்லிப்போட்டன், அக்கா."

மூன்று மாதம். ஒரே பாயில் படுத்து, அவள் வைத்த சோற்றைத் தின்று, அவள் இரவில் அழுதபோது தலையைத் தடவிவிட்டவன். கிறிஸ்ரினாவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. கத்தினால் சனம் அவளைத்தான் பைத்தியம் என்னும்.

தான் வாங்கிவந்த புது டிஸ்க்கைத் துடைத்துத் துடைத்துப் பூட்டினாள். புதுப் பாட் போட்டாள். மற்றச் சில்லுக்கும் அப்படியே. பிறகு பழைய பிறேக் ஒயிலையும் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் எடுக்க வேண்டும். அதற்கு ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் சில்லடியில் ஒயில் வழிய விடுகிற நிப்பிள் திருகாணியைத் திறக்க வேண்டும். கனிசியஸை ஆசனத்தில் ஏற்றினாள். டினேஸின் கையில் வெறும் போத்தலைக் கொடுத்து, ஒயில் சிந்தாமல் பிடிக்கச் சொன்னாள். கராஜ் முதலாளி தன் கராஜுக்கு முன்னாலேயே முழங்காலில் இருந்து பிடித்தான்.

"அமத்து. பிடி. நான் சொல்லுமட்டும் விடாதை."

பன்னிரண்டு வருடத்தில் அவள் புருஷனோடு இப்படிக் கதைத்ததில்லை. பின்சில்லில் தொடங்கி நாலு சில்லுக்கும் அந்தக் கூத்து நடந்தது. ஒயிலில் குமிழி வருவது நின்ற பிறகும் அவள் விடவில்லை. அமத்து, பிடி. அவனுக்கு வேர்வை மூக்கு நுனியால் வடிந்தது. அவள் ஆறுதலாக நிப்பிளை இறுக்கினாள்.

சில்லுகளைப் பூட்டிக் காரை இறக்கி, மெல்ல ஓட்டிப் பத்துத் தரம் பிறேக் பிடித்துப் பார்த்தாள். கல்லுப்போல நின்றது. பிறகு கனிசியஸைக் கோயில் முடக்கில், மதிலுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னாள். அவன் அவளுடைய கண்ணைப் பார்த்தான், போய் நின்றான்.

அவள் தூரத்திலிருந்து வந்தாள். வேகமாகத்தான் வந்தாள். பெண்கள் மாதாவே என்று வாயைப் பொத்தினார்கள். இன்னும் கொஞ்சம் முன்னதாக மிதித்திருக்கலாம். வேண்டுமென்றே மிதிக்கவில்லை. கார் அவனுடைய முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"இப்பச் சொல்லு. அண்டைக்கு நான் எந்தப் பெடலை மிதிச்சனான்?"

கனிசியஸின் உதடு அசைந்தது.

"சத்தமாச் சொல்லு. ஆக்களுக்குக் கேக்கேல்லை."

"பிறேக்கைத்தான் மிதிச்சவ," என்றான் அவன். "டிஸ்க்கிலை எண்ணெய் பூசினவன் நான். பெடல் மாறினதெண்டு சொல்லச் சொன்னதும் நான்தான்."

கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து சந்தியோகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தான். காருக்கும் மதிலுக்கும் இடையில் அவன் நுழைய இடமிருக்கவில்லை.

கிறிஸ்ரினா காரைப் பின்னுக்கு எடுத்து அவனுக்கு வழி விட்டாள்.