முந்நூற்றுப் பன்னிரண்டாம் எண் சட்டை

முந்நூற்றுப் பன்னிரண்டாம் எண் சட்டை, போட்டுக்கொள்ள ஆளில்லாமலேயே தினமும் அழுக்காயிற்று. துவைத்து, உலர்த்தி, மடித்து அலமாரியில் வைத்தால் மறுநாள் காலை முதுகுப்பக்கம் முழுக்க ஈரமண் அப்பியிருக்கும். கட்டட வேலைக்கு வந்த அறுநூறு பேரின் உடுப்புகளைத் துவைக்கும் கூடம் அது. அங்கே ஒரு சட்டை கூடுதலாக அழுக்காவது பெரிய விஷயமில்லை. சூப்பர்வைசர் வந்து பார்த்தார், விரலால் சுரண்டினார், "பிளீச்சிங் போட்டுடாதீங்கம்மா, கலர் போயிடும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அந்த எண்ணுக்குரியவன் ஓடிப்போய் நாற்பது நாளாகியிருந்தது. ஓடிப்போனான் என்று எழுதிவைத்தது ஆபீஸ். அவன் பெண்டாட்டி அதே கூடத்தில் மடிப்பு மேசையில் நின்றாள், எல்லோருக்கும் அவள் மடிப்பக்கா. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு இந்தத் தேசத்துக்கு வந்து ஏழு வருஷம். அவன் ஆண்கள் கொட்டகையில், அவள் பெண்கள் கொட்டகையில். காலையில் கூடத்து ஜன்னல் வழியாக அவள் சட்டையை நீட்டுவாள், அவன் வாங்கிக்கொண்டு போவான். ஏழு வருஷமாக அவர்கள் நடத்திய குடும்பம் பெரும்பாலும் அந்த ஜன்னல்தான்.

மடிப்பக்காவுக்கு இன்னொரு பெயரும் உண்டு. அழுக்கைப் பார்த்து ஆளைச் சொல்கிறவள் என்பதால் 'லேடி இன்ஸ்பெக்டர்' என்பார்கள். காணாமல் போன மோதிரத்தை எடுத்தவன் யாரென்று ஒரு சட்டைப்பையின் பிரிந்த தையலைப் பார்த்துச் சொன்னவள் அவள். சமையல்காரருக்குச் சர்க்கரை நோய் என்று டாக்டருக்கு முன்பே சொன்னவளும் அவள்தான், எறும்பு மொய்த்த கால்சட்டையை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டி. இப்பேர்ப்பட்டவளுக்குத் தன் புருஷன் எங்கே போனான் என்று தெரியவில்லை என்பதில் கொட்டகைக்கே ஒரு குளிர்ச்சி. "ஊர் அழுக்கெல்லாம் தெரியுது, வீட்டுக்காரர் சட்டையில லிப்ஸ்டிக் மட்டும் தெரியலையாக்கும்" என்று இஸ்திரி போடுகிறவள் சொல்லிச் சிரித்தாள். ஊரிலிருந்து மாமியார் போனில், "கூடவே இருந்தும் கட்டிவைக்கத் துப்பில்லையேடி உனக்கு" என்றாள். அதையெல்லாம் மடிப்பக்கா விழுங்கிவிட்டாள். பதின்மூன்று வயது மகள் கேட்டதுதான் தொண்டையில் நின்றது. "அம்மா, ஓடிப்போனவர் மகள்னு ஸ்கூல்ல கூப்பிடறாங்க. அப்பா நெஜமாவே ஓடிட்டாராம்மா?" விசாரித்துச் சொல்கிறேன் என்று மடிப்பக்கா வாக்குக் கொடுத்தாள்.

முதலில் மண்ணை எடுத்துக்கொண்டாள். தீப்பெட்டியில் போட்டு, அறுநூறு பேரிலும் மண்ணோடு பிழைத்தவர்கள் ஒவ்வொருவரிடமும் காட்டினாள். குழாய்ப் பள்ளம் தோண்டுகிறவர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். "இது இந்தத் தேசத்து மண்ணே இல்ல தாயி. எங்க பக்கத்து மண்ணு. காரை கலந்த உவர்மண்ணு. பாவம், நம்ம நொண்டிச்சாக்கு ஊரு" என்றார்.

நொண்டிச்சாக்கு என்பவன் நூற்று எழுபத்தெட்டாம் எண். வயிற்றுவலி, பல்வலி, தலைசுற்றல் என்று வாரத்தில் பாதி நாள் ஏதாவதொரு நொண்டிச்சாக்குச் சொல்லிப் படுத்துக்கொள்பவன். மடிப்பக்காவின் புருஷன் ஓடிப்போன அதே நாளில் நாலாவது மாடிச் சாரம் சரிந்து அவன் செத்துப்போனான். முகம் அடையாளம் தெரியவில்லை. காலரில் சிவப்பு நூலால் தைத்திருந்த எண்ணைப் பார்த்து, பெட்டியில் வைத்து ஆணியடித்து, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

மடிப்பக்கா கூடத்துக்குத் திரும்பி வந்து சட்டைகளை எண்ணினாள். ஆளுக்கு மூன்று சட்டை. புருஷனுடைய மூன்றும் அலமாரியில் இருந்தன. அப்படியானால் அவன் எதைப் போட்டுக்கொண்டு ஓடினான்? வெற்று உடம்போடு எவனும் ஓடமாட்டான். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மடிக்கிற பெண்கள் எல்லோரும் செய்கிற திருட்டு ஒன்று உண்டு. அடுத்தவன் அடுக்கில் புதுச் சட்டை, கெட்டித் துணி கண்ணில் பட்டால் அன்றைக்கு அதைத் தன் ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். சாயங்காலம் எப்படியும் துவைக்கத்தானே வரும். அன்று காலை புருஷன் சட்டையில் முழங்கை கிழிந்திருந்தது. குளிருமே என்று கைக்கு அகப்பட்ட கெட்டித் துணியை உருவி ஜன்னலில் நீட்டினாள். துணியைத் தடவிப் பார்த்தாளே தவிர எண்ணைப் பார்க்கவில்லை. ஊரார் அழுக்கையெல்லாம் துப்புத் துலக்கியவள் கடைசியில் பிடித்தது தன் கையைத்தான்.

நூற்று எழுபத்தெட்டின் அடுக்கில் மிச்சமிருந்தது இரண்டு சட்டை. அவற்றின் கைமடிப்பில் வெள்ளையாகக் கோதுமை மாவு படிந்திருந்தது, அன்றைக்குப் பிசைந்த மாவு. செத்தவன் மாவு பிசைவதில்லை. விடுமுறை நாளில் மடிப்பக்கா பஸ் ஏறி, பக்கத்து ஊரில் பேக்கரி பேக்கரியாக ஏறி இறங்கினாள். மூன்றாவது பேக்கரியின் பின்கட்டில் நொண்டிச்சாக்கு அடுப்பு முன்னால் வேர்த்துக்கொண்டு நின்றான். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது.

அவளைக் கண்டதும் அவன் ஓடவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். "அன்னைக்கு நெஜமாவே வயித்துவலிக்கா. கொட்டகையில படுத்திருக்கேன், நான் செத்துட்டேன்னு வெளிய பேசிக்கிறாங்க. எழுந்து வந்து இல்லன்னு சொல்லலாம்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள எவனோ 'நல்ல பையன்டா'ன்னான். பொறந்ததுல இருந்து என்னை யாருமே அப்படிச் சொன்னதில்ல. ஒரு துண்டைப் போத்திக்கிட்டு அப்படியே பின்வாசல் வழியா நடந்துட்டேன்."

"என் புருஷன் உன் பேர்ல மண்ணுக்குள்ள கெடக்கறார்டா."

"நான் என்னக்கா பண்ணட்டும்? செத்தவனை யாரும் வேலைக்கு எழுப்ப மாட்டாங்க. எனக்கு இதுதான் சௌகரியம்."

அவனை அறைய ஓங்கிய கையில் மாவுதான் ஒட்டியது. நேராக ஆபீசுக்குப் போனாள். குமாஸ்தா நம் மொழிக்காரர், மனு எழுதுகிற விதத்தைச் சொல்லிக்கொடுத்தார். சட்டை அழுக்காவதையும் மாவு படிவதையும் அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "அதெல்லாம் சரிம்மா. ஆனா குழியைத் தோண்டிப் பார்த்தாத்தான் பேரை மாத்துவாங்க. உயிரோட இருக்கறவனைப் புடிச்சு அவன் வீட்டுக்கே அனுப்பிடுவாங்க. அந்த வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

பள்ளம் தோண்டுகிறவரிடம் நம்பர் வாங்கி நொண்டிச்சாக்கின் பெண்டாட்டியைக் கூப்பிட்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று தடுமாறி, ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் அழுகை வரவில்லை.

"தெரியும்கா" என்றாள் அவள். "பெட்டியை ஒரு ஓரமா நெம்பிக் காலைப் பார்த்தேன். எங்காளுக்கு வலது கட்டைவிரல்ல நகமே கெடையாது. அதுல இருந்துச்சு. பாத்துட்டு மூடிட்டேன்."

"தெரிஞ்சுமா?"

"லீவுல வந்தார்னா பெல்ட்டாலதான் பேசுவாருக்கா. வரப்போற மாசம் வந்தாலே மூணு பிள்ளைங்களும் பாயில மூத்திரம் போகும். இப்பத்தான் தூங்குதுங்க." அவளே தொடர்ந்தாள். "உங்க வீட்டுக்காரரை நான் குறை வைக்கலக்கா. மேல ரோஜாச் செடி வச்சு தினமும் தண்ணி ஊத்தறேன். எம்புருஷனுக்கு அழாத அழுகையெல்லாம் அவருக்குத்தான் அழுதேன். அவரைத் தோண்டாதீங்க. அந்தாளை எங்கிட்ட அனுப்பாதீங்க."

மடிப்பக்கா மனுவை மூன்று நாள் மடித்து மடித்துப் பிரித்தாள். அவள் மடித்த எதுவும் அதுவரை கசங்கியதில்லை, இது நாராய்க் கசங்கியது. முன்பின் பார்த்திராத மூன்று பிள்ளைகளும் தான் பெற்ற ஒன்றும் ஒரே தராசில் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தன. மகளிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லலாம்தான். ஆனால் அவள் பள்ளிக்கூடத்தில் ஒருத்தியிடம் வாய்விட்டால் பத்து நாளில் அது ஆபீசுக்கு வரும். நாலாம் நாள் மனுவைச் சலவை இயந்திரத்தில் போட்டுவிட்டு மகளுக்குப் போன் செய்தாள்.

"விசாரிச்சியாம்மா?"

"விசாரிச்சேன். ஆமா, ஓடித்தான் போயிட்டார்."

மகள் அழுவாள் என்று காதைப் போனோடு அழுத்திப் பிடித்திருந்தாள். மகள் "சரி" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கே கல்யாணப் போட்டோவைச் சட்டத்திலிருந்து எடுத்து, கத்தரிக்கோலால் அப்பாவைத் தனியாக வெட்டினாள். வெட்டிய துண்டு கீழே விழவில்லை. வீட்டுக் கூடத்தின் நடுவே, மார்பு உயரத்தில், காற்றில் நின்றது. ஊதிப் பார்த்தார்கள், விசிறிப் பார்த்தார்கள், அசையவில்லை. ஒரு வாரம் கழித்து மாமியார் பீரோவைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு வழிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் சற்று விலகியே நடந்தார்கள்.