தவளைக்கு வைத்த பெட்டி

“எந்தா ஜெபமலரே, இதுல இவ்வளவு யோசிக்க என்ன இருக்கு? ‘கேட்டால் தரவு தரப்படும்’னு ஒரு வரி எழுது. தீர்ந்தது,” என்றார் ஆய்வு வழிகாட்டி ஷைலஜா டீச்சர்.

“ஆராவது கேட்டா, டீச்சர்?”

“ஆரு கேக்கப் போறா?”

“நான் கேட்டேனே. ஒருத்தரோட பேப்பர்ல இதே வரிதான் இருந்துச்சு. எழுதிக் கேட்டா, கம்ப்யூட்டர் கேடாயிப் போச்சுன்னு பதில் வந்துச்சு.”

டீச்சர் பேச்சை விட்டுவிட்டு டீயை எடுத்தார்.

அது ஜெபமலரின் முதல் ஆய்வுக் கட்டுரை. போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட் ஓடையில் இரண்டு மழைக்காலம் தவளைகளின் சத்தத்தைப் பதிவு செய்து எழுதியது. கட்டுரை நன்றாக இருக்கிறது, ஆனால் ஒலிப்பதிவு முழுவதையும் எவரும் கேட்டுச் சரிபார்க்கும்படி இணையத்தின் பொதுக் களஞ்சியத்தில் வைத்தால்தான் அச்சாகும் என்று பத்திரிகை சொல்லிவிட்டது. ஜெபமலருக்கு அதில் சந்தோஷம்தான். தன் தவளை எண்ணிக்கை மேல் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. சிக்கல் வேறு. ஒலிப்பதிவுப் பெட்டியைக் கட்டுவதற்குத் தோதாக இருந்த மரம், எஸ்டேட் பெண்கள் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றது. பதிவில் தவளைகளுக்கு நடுவே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அப்படியெங்கில் அந்த இடத்தை வெட்டிக் களைஞ்சிரு,” என்றார் டீச்சர்.

“சும்மா வெட்டினா அங்க மட்டும் தவளை ஏன் வாயை மூடுச்சுன்னு தெரியாமப் போயிரும். பேசினவங்ககிட்டயே கேட்டுட்டு வாறேன்.”

சனிக்கிழமை காலை பஸ்ஸில் போனாள். பதிவில் பேசிய பூமாரியும் சரசம்மாவும் எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் இருந்தார்கள். மரத்தில் பெட்டி கட்டியபோது கயிறு எடுத்துக் கொடுத்தவளே பூமாரிதான். ஜெபமலர் ஹெட்போனை இருவர் காதுக்கும் நடுவில் பிடித்தாள்.

“ஏட்டி சரசு, இது உன் சத்தம்லா?”

“என் சத்தம் இப்படியா கரகரன்னு இருக்கு? தவளையே தேவலை.”

மருமகள் வைக்கிற மீன்குழம்பில் உப்பே இல்லை என்று பெட்டிக்குள் சரசம்மா சொன்னாள். வெளியே சரசம்மா, “அது உண்மைதானே,” என்றாள். அடுத்து பூமாரியின் குரல் வந்தது. பூமாரி ஹெட்போனைத் தள்ளிவிட்டாள்.

“இதை ஆரெல்லாம் கேட்டுருக்கா?”

“நான் மட்டும்தான், அக்கா.”

“தவளைக்கு வச்ச பெட்டி தவளையத்தான் கேக்கும்னுல்லா இருந்தோம். எங்க மவன் அபினு கழக்கூட்டத்துல கூட வேலை பாக்குற பிள்ளைய கல்யாணம் கெட்டப் போறான். அவன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. நான்தான் சமயம் பாத்துச் சொல்லணும். இத நீ உலகத்துக்கே போட்டுட்டா?”

“அதுக்குத்தான் வந்தேன். நீங்க வேண்டாம்னா ஒரு சொல்லும் போவாது.”

“அப்ப உன் பேப்பரு?”

“அதுக்கு வழி இருக்கு. உங்க பேச்சு வாற இடத்தை ஊமையாக்கி ஒரு பதிவை எல்லாருக்கும் வைப்பேன். ஏன் ஊமையாக்கினேன்னும் எழுதுவேன். முழுப் பதிவையும் அதே களஞ்சியத்துல பூட்டி வைக்கலாம், இல்லாட்டி அழிச்சிரலாம். நீங்க சொல்லுங்க.”

“அழிச்சிரு,” என்றாள் பூமாரி.

“அழிக்கவா? என் மருமவ கேக்காண்டாமா? அதைக் கேட்டாவது உப்பு போடட்டும்,” என்றாள் சரசம்மா.

“உன் உப்புக்கு என் பிள்ளை கல்யாணமா கெடணும்?”

“கல்யாணம் முடியட்டுமே. அதுக்கப்புறம் பூட்டைத் திறந்தா உனக்கென்ன நட்டம்?”

பூமாரி ஜெபமலர் பக்கம் திரும்பினாள். “நீ ஊரை விட்டுப் போயிட்டா பூட்டை ஆரு திறப்பா, பிள்ளே?”

“நான் போனாலும், எங்க இன்ஸ்டிட்யூட்டே இல்லாமப் போனாலும் அது இருக்கும், அக்கா. சொன்ன நாள்ல தானா திறக்கும்.”

“அப்ப பூட்டு. ஏன் ஊமையாச்சுன்னு என்ன எழுதுவ?”

“ரெண்டு பெண்கள் பேசினதுனாலன்னு.”

“ஏன், எங்களுக்குப் பேரில்லையா?” என்றாள் சரசம்மா.

“பேரு போட்டா உங்க வீட்டு அண்ணனுக்குத் தெரிஞ்சிராதா?”

“நான் பேசுவேன்னு அவருக்கு நல்லாவே தெரியும்,” என்றாள் பூமாரி. “என்ன பேசுவேன்னுதான் தெரியாது. பேரைப் போடு.”

பத்திரிகையின் எடிட்டர் இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதித்தார். ஷைலஜா டீச்சர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார, ஜெபமலர் பதிவுகளை ஏற்றினாள். கடைசிக் கட்டத்தில் திரை நின்றது. பூட்டு திறக்கும் தேதியைக் கொடுக்காமல் மேலே போகவில்லை. பூமாரிக்குப் போன் போட்டாள்.

“அக்கா, தேதி கேக்குது.”

“என்ன தேதி?”

“கல்யாணத் தேதிதான். அதுக்கு மறுநாள்னு போடணும்.”

 போனை வைக்காமலே பூமாரி கூப்பிடுவது கேட்டது.

“அபினப்பா, செத்த இங்க வாங்க. ஒரு தேதி பாக்கணும்.”