திறக்க: 6 மணி

1

"ரிப்போர்ட்ல என் பேரப் போடுங்க சார். தப்பு என்னோடது."

எதைக் கேட்டாலும் இதை மட்டும் முதலாளியிடம் கேட்கக் கூடாதென்று ரஞ்சிதாவிடம் அவள் அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். வீட்டின் முதல் பட்டதாரி. முதல் வேலை.

(நடந்தது எனக்கு. 'நான்' என்று இரண்டு முறை தொடங்கினேன். இரண்டு முறையும் நான்காவது வரியில் என்னை மன்னித்துவிட்டேன். ஆகவே, ரஞ்சிதா.)

2

குளத்தூர்ப் பக்கம் ஓர் இரும்பு வார்ப்பாலை. ஊற்றிய இரும்பு மணல் அச்சுக்குள் எப்போது உறையும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது அவள் வேலை. வார்ப்பைப் பல்லாயிரம் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் பக்கத்துக் கட்டத்துக்கு எவ்வளவு சூட்டைத் தள்ளுகிறது என்று நொடிக்கு நொடி பார்க்க வேண்டும். உறையும்போது வெப்பநிலை ஏறக்குறைய அப்படியே நிற்கும்; வெப்பம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். வெளியே கெட்டி, உள்ளே குழம்பு. (இதை உவமையாக்க ஆசை வந்தது. அடித்துவிட்டேன். ஒரு மனிதரின் கால் வெந்திருக்கிறது.)

கணக்கு சரிதான்: ஆறு மணி நேரம். பலகையில் எழுதினாள்: 'ஆறவிட்டுத் திறக்க: 6 மணி.' 'நேரம்' என்று எழுதவில்லை.

மதியம் மூன்றுக்கு ஊற்றியதை, அச்சு திறக்கும் தொழிலாளி மலையாண்டி சரியாக மாலை ஆறு மணிக்குத் திறந்து புரட்டினார். வெளியே கெட்டியாகியிருந்த தோடு உடைந்து, உள்ளிருந்த குழம்பு அவர் காலில் கொட்டியது.

அவசரப்பட்டு மலையாண்டி

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். கம்பெனி அறிக்கையில் முடித்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவரை அதை வைத்தே நிறுத்தப்போகிறார்கள்.)

3

ஆஸ்பத்திரியில் அவர்தான் முதலில் பேசினார்.

"வாங்க கம்ப்யூட்டரம்மா. எங்காலு ஆற எத்தன மணின்னு போட்டுப் பாருங்களேன்." சிரித்தார். "எனக்குத்தான் படிப்புப் பத்தல. ஆறு மணின்னா ஆறு மணின்னு நெனச்சுப்புட்டேன்."

நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. [முதல் வரைவில் அழுதாள். பொய். ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.]

4

"கிறுக்கா ஒனக்கு?" என்றார் முதலாளி தேனப்பன். "ஒம்பேரப் போட்டா எங்கிட்டும்மா வேல கெடைக்கும்? அந்தாளே தன் தப்புன்னு ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டாச்சு."

"எதுல போட்டாருன்னு தெரிஞ்சா சார் போட்டாரு?"

"படிச்ச திமிரு."

"ஆமா சார். படிச்சவ எழுதுனதுதான் அவரச் சுட்டுச்சு."

5

தேனப்பன் மனம் மாறியதாக ஒரு முடிவு வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன். அன்று காலையிலேயே அவள் பலகையின் போட்டோவையும் தன் கையெழுத்திட்ட கடிதத்தையும் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுத்திருந்தாள். மலையாண்டியிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

பிறகு அதைக் கேட்டு அவர் என்ன சொன்னார் என்பதை என்னிடம் கேட்காதீர்கள். கட்டிலில் படுத்திருப்பவராக நீங்கள் இருந்து பாருங்கள்.

தேனப்பன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். ரஞ்சிதா பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி பஸ்ஸுக்கு நடந்தாள்.