கொடிக்குப் பதில் துடைப்பம்

முகட்டு உத்தரத்தின் கடைசித் துண்டு கிரேனில் ஆடிக்கொண்டே இறங்கியது. ஐசல் ஆற்றுப் பக்கமிருந்து அடித்த காற்றில் அது நேராக நிற்பேனா என்றது. யோப் அதைக் கட்டிப்பிடித்து, தோளால் முட்டித் தள்ளி, அதற்குரிய இடத்தில் உட்காரவைத்தான். எதிர்முனையில் எவர்ட் ஆணியை அறைந்தான். கம்பென் நகரத்தின் அந்த வரிசை வீடுகள் உச்சியை எட்டிவிட்டன.

"அப்பாடா! இனிமே பீர்தான்" என்று யோப் குந்தி உட்கார்ந்தான். அவனுடைய இடது பூட்ஸின் கயிறு காலையிலேயே அறுந்துபோனதால், நூல் பிடிக்கும் ஆரஞ்சுக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தான்.

எவர்ட்டின் பார்வை கீழே வாசலில் நட்டிருந்த புதுப் பலகை மேல் இருந்தது. 'ஓஸ்டர்வால்: நான்கு தலைமுறைக் கட்டுமானம்.' அதில் அவன் குடும்பத்தார் படங்கள்: கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா, கடைசியாக அப்பாவோடு தங்கை ரென்ஸ்கெ. அந்தக் கடைசிப் படம் எடுத்த அன்று எவர்ட்டும் அவர்களோடுதான் நின்றான். இப்போது ஓரத்தில் அவன் முழங்கை மட்டும் மிச்சமிருந்தது. மூத்தவன் இவன், பதினேழு வயதில் சாரத்தில் ஏறியவன். முதலாளி நாற்காலி மட்டும் தங்கைக்கு. கணக்கு வழக்கு தெரிந்தவள், வங்கிக்காரர்களோடு பேசத் தெரிந்தவள் என்று அப்பா சொல்லிவிட்டார். எவர்ட்டுக்கு மேஸ்திரி வேலை.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ரென்ஸ்கெதான்.

"முடிஞ்சுதா எவர்ட்? சூப்பர். கொடிய ஏத்திடுங்க. மூணு மணிக்கு அப்பாவையும், வீடுகள மொத்தமா வாங்கப்போறவங்களையும் கூட்டிட்டு வரேன்."

"பீர்?"

"இந்தத் தடவ வேணாமே. சாயங்காலம் ஹோட்டல்ல அவங்களுக்கு விருந்து வெச்சிருக்கு. ரெண்டு செலவு எதுக்கு?"

"விருந்துக்கு நான் வரணுமா?"

"நீ வந்தா உனக்கே போரடிக்கும். அத்தனையும் வட்டிப் பேச்சு" என்றாள்.

எவர்ட் போனை அணைத்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது.

"பீர் கிடையாதாம்" என்றான். "எங்க தாத்தா கைல காசில்லாத காலத்துலகூட பீர் குடுத்தவரு. இவ மகாராணி, விருந்து வைக்கிறாளாம். யோப், கொடிய மடிச்சு வை. துடைப்பத்த எடு."

யோப் சிரித்தான். பிறகு எவர்ட் விளையாடவில்லை என்று புரிந்து சிரிப்பை நிறுத்திக்கொண்டான். கட்டட ஆட்களின் பழைய வழக்கப்படி, உச்சி எட்டிய அன்று பீர் வாங்கித் தராத முதலாளிக்கு முகட்டில் கொடி பறக்காது, துடைப்பம்தான் நிற்கும். போகிற வருகிறவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். ஓஸ்டர்வால் கட்டடத்தில் அது ஒருநாளும் ஏறியதில்லை.

"வேணாம்ப்பா" என்றான் யோப். "திங்கக்கிழமைலேருந்து என்னைய நிரந்தரமா எடுத்துக்கிறதா சொல்லிருக்காங்க. ஆறு வருஷமா ஏஜென்சி ஆளாவே அலைஞ்சிட்டேன். இந்த நேரத்துல எதுக்கு வம்பு?"

"உன்ன எடுக்கச் சொன்னதே நான்தான? யாராச்சும் கேட்டா, நான் சொல்லித்தான் நீ கட்டினேன்னு நானே சொல்றேன். என்ன மீறி உன்ன எவன் தொடுவான்?"

யோப் தலையைச் சொறிந்தான். "நீ பாத்துக்குவல்ல?"

"அட, ஏறுய்யா!"

யோப் ஏறிக் கட்டினான். கட்டியதும் கிரேன்காரன் ஹாரன் அடித்தான், தெருவில் சைக்கிளில் போன இரண்டு பெண்கள் கைதட்டினார்கள். எவர்ட்டுக்கு வெகுநாள் கழித்து மதிய ரொட்டியும் சீஸும் ருசித்தன.

மூன்று மணிக்கு இரண்டு கார்கள் வந்தன. எவர்ட்டின் அப்பா, கிழவர் ஹார்மென், கைத்தடியை ஊன்றி இறங்கி, வழக்கம்போல முதலில் முகட்டைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார். வாங்க வந்தவர்களில் ஒருவர் விஷயம் தெரிந்தவர்போல, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என் பேருக்கு மேல துடைப்பமா?" என்றார் கிழவர். "எவன் வேல இது?"

ரென்ஸ்கெ நேராக எவர்ட்டைப் பார்த்தாள். "சொல்லு எவர்ட். யார் பண்ணினது?"

எவர்ட் வாயைத் திறந்தான். அதற்குள் கிழவர் அவன் தோளில் கை வைத்தார். "இவனக் கேக்காத. இவன் என் ரத்தம். இந்தக் குடும்பத்துக்காக முப்பத்தஞ்சு வருஷம் மழைலயும் பனிலயும் நின்னவன். இவன் இதச் செய்வானா?"

இந்த வார்த்தையைக் கேட்கத்தான் எவர்ட் இத்தனை வருடம் தவம் கிடந்தான். வந்தவர்கள் எல்லோரும் அவனை மரியாதையாகப் பார்த்தார்கள். ரென்ஸ்கெயின் முகம் சுருங்கியதையும் அவன் பார்த்தான். தோளில் இருந்த கை கனமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டான்.

யோப் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். எவர்ட் குனிந்து தன் கையுறையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டினான்.

"நான்தான் கட்டினேன்" என்றான் யோப்.

"யார் சொல்லி?" என்றாள் ரென்ஸ்கெ.

யோப் இன்னொரு தடவை எவர்ட்டைப் பார்த்தான். "நான்தாங்க கட்டினேன்."

"சரி. ஏஜென்சிக்குச் சொல்லிடுறேன், திங்கக்கிழமை வேற ஆள அனுப்பட்டும். போறதுக்கு முன்னாடி அத எறக்கிட்டு கொடிய ஏத்திட்டுப் போங்க." பிறகு வந்தவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "எங்க ஆளுங்களுக்கு பீர் இல்லாம ஆகுமா? இதோ வந்துடும்."

பீர் பெட்டிகள் வந்து இறங்கின. யோப் மறுபடி ஏணியில் ஏறி, துடைப்பத்தை அவிழ்த்துவிட்டுக் கொடியைக் கட்ட ஆரம்பித்தான். கீழே கிழவர், "டேய் எவர்ட், வாடா, என் பக்கத்துல நில்லு" என்று அவனைப் படத்துக்கு இழுத்துக்கொண்டார். அவர்களோடு வந்திருந்த படம் எடுப்பவர் முகட்டைப் பார்த்துக் கத்தினார்: "மேல இருக்கறவரே, கொஞ்சம் ஒதுங்குங்க!"

இரண்டு வாரம் கழித்து வாசலில் வேறு பலகை வந்தது. புதிதாக வந்த ஏஜென்சி ஆள் அதைத் தூக்கிப்பிடிக்க, எவர்ட் திருகாணியை முடுக்கினான். படத்தில் அப்பாவும் ரென்ஸ்கெயும், நடுவில் எவர்ட் முழுசாக.

"இதென்ன மேஸ்திரி, மேல?" என்றான் புது ஆள், படத்தின் மேல் ஓரத்தைக் காட்டி.

கொடிக்குக் கீழே, கூரை விளிம்பில், ஆரஞ்சுக் கயிறு கட்டிய ஒரு பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

"நேராப் புடி" என்றான் எவர்ட்.