ஓநாயண்ணன் முகம்

"ஏம்மா, ஓநாயைச் சுட்டதும் அது ஏன் மனுஷனா மாறுது?"

ஒப்பனைக்காரியின் மகள் நாலு வயதில் கேட்ட கேள்வி இது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் பிள்ளையை ஸ்டூடியோவுக்கே தூக்கி வந்திருந்தாள். பிள்ளையோடு வந்தால் வேலை கிடையாது என்று மேனேஜர் கறாராகச் சொன்னபோது, முகமெல்லாம் ஒட்டு ரோமமாக வேஷத்தில் உட்கார்ந்திருந்த ஓநாய்தான் எழுந்து வந்தது. "இது என் அக்கா பேத்தி சார். என்கூடத்தான் இருக்கும்" என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிக் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டது. பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை அந்தப் பொய் தாங்கியது. அவள் நன்றி சொல்ல வாயெடுத்தபோதெல்லாம், "பசை காயுதும்மா, வேலையைப் பாரு" என்று அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

அந்தக் கேள்விக்கும் அவரே பதில் சொன்னார்.

"மாறலடா கண்ணு. மொதல்லேர்ந்தே அவன் மனுஷன்தான். அந்தக் காலத்துல ஓநாய் பிள்ளைங்களைத் தூக்கிட்டுப் போயிடும். யார் மேலயாவது பழி போடணும்ல? தனியாத் திரியறவன், புத்தி பேதலிச்சவன், மூஞ்சியெல்லாம் முடி முளைக்கிற நோய்க்காரன், இவங்களைப் பிடிச்சு, நீதான் ராத்திரியில ஓநாயா மாறுறேன்னு அடிச்சாங்க. அடி தாங்காம அவனும் ஆமான்னுட்டான். கொன்னு போட்டுட்டுப் பாத்தா, கிடந்தது மனுஷன்."

"அப்ப ஓநாய்?"

"அது பாட்டுக்குக் காட்டுல இருந்துச்சு."

எல்லாருக்கும் அவர் ஓநாயண்ணன். எந்த ஓநாய்ப் படம் எடுத்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பாய்வது, ஊளையிடுவது, குண்டடி பட்டு விழுவது எல்லாம் அவர். விழுந்த பிறகு தெரியும் முகம் மட்டும் ஹீரோவுடையது. படுத்த படுக்கையாகக் கிடந்த அவருடைய அக்கா விடமாட்டாள். "எந்தப் படத்துலடா உன் மூஞ்சி வருது? நாய்க்குட்டி மாதிரி ஓடுறதுக்கா இத்தனை வருஷம்?" என்பாள். அவரும் சிரிப்பார். மறுநாள் ஒப்பனை நாற்காலியில் மட்டும் ரோமம் ஒட்டி முடியும்வரை கண்ணாடியைப் பார்க்கமாட்டார்.

பல வருஷம் கழித்து எடுத்த இந்த ஓநாய்ப் படத்தில் டைரக்டர் வாக்குக் கொடுத்திருந்தார்: ஓநாய் சாகும்போது ரோமம் மறைந்து ஓநாயண்ணனின் சொந்த முகமே தெரியும். அதற்குள் அவருடைய நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"இந்த ஒரு ஷாட் போதும்மா. அக்கா ஒருதடவை பாத்துட்டா போதும்" என்றார் ஒப்பனைக்காரியிடம்.

அந்த ஷாட் லேசுப்பட்டதல்ல. தலை அசையாதபடி முட்டுக்கொடுத்துப் படுக்க வைப்பார்கள். அவள் ஒரு பிடி ரோமத்தைப் பிரித்தெடுப்பாள். கேமரா கொஞ்சம் ஓடி நிற்கும். மறுபடி ஒரு பிடி. நடுவில் இருமினால் முதலிலிருந்து ரோமம் ஒட்ட வேண்டும். பகல் முழுக்க அவர் இருமலை விழுங்கிக்கொண்டு கிடந்தார். ஒவ்வொரு பிடிக்கும் அவள் உதட்டுக்குள் ஜபித்தாள். கடைசிப் பிடி வந்ததும் டைரக்டர் "ஓகே" என்றார். ஓநாயண்ணன் இரும ஆரம்பித்தார். நிற்கவே இல்லை. அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

படத்தைப் போட்டுப் பார்த்த தயாரிப்பாளர் முகம் சுளித்தார். "டிக்கெட் எடுத்து வர்றவன் கடைசியில ஒரு கிழவன் மூஞ்சியையா பாப்பான்? ஹீரோவைப் படுக்க வைங்க."

அவள் டைரக்டரிடம் சண்டையே போட்டாள். "எனக்கு மட்டும் பிடிச்சிருக்காம்மா?" என்றார் அவர். "என்னை என்ன பண்ணச் சொல்றே?"

ஆஸ்பத்திரியில் ஓநாயண்ணன் அவளைக் கண்டதும் ஆக்ஸிஜன் மாஸ்க்கை நகர்த்திவிட்டு, "எப்படி வந்திருக்கு?" என்றார்.

பொய் சொல்லிப் பழகாத அவள், "நல்லா வந்திருக்குண்ணே" என்றாள்.

"பயமா இருக்கா?"

"இல்லண்ணே. பாவமா இருக்கு."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரமே போய்விட்டார். அவருடைய அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்து முகத்தைக் காட்டக்கூட நேரம் வாய்க்கவில்லை.

ஹீரோவைப் படுக்க வைக்கும் நாளும் வந்தது. "சீக்கிரம் முடிங்கக்கா" என்றவன், தலைக்கு முட்டுக்கொடுத்ததுமே தூங்கிப்போனான். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். விளக்குச் சூட்டில் அவளும் அந்த மழமழவென்ற முகமும் மட்டும்.

அவள் மெல்லிய தூரிகையை எடுத்தாள். ஓநாயண்ணனின் இடது புருவத்தின் வால், பசை பிய்த்துப் பிய்த்து முளைக்காமலே போனதை அவள் விரல்கள் அறியும். ஹீரோவின் புருவத்தில் அந்த இடத்தை மூடி வெறுமையாக்கினாள். தாடை ஓரம் கன்றிப்போன கறுப்பு நிறத்தை மெல்ல ஏற்றினாள். இருமலை அடக்கி அடக்கி மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கிய இரண்டு கோடுகளை இழுத்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் செத்தவனின் களைப்பு என்றுதான் தோன்றும். ஓநாயண்ணனின் அக்காவுக்காவது அடையாளம் தெரியுமா என்பதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை. தெரியாது என்றுதான் அவளுக்குப் பட்டது.

ஹீரோ தூக்கத்தில் ஏதோ முனகினான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று, அவன் அடங்கியதும் வலது கன்னத்துக்குப் போனாள்.