மூன்றாவது கூப்பாடு

மதிப்பிற்குரிய வாசகப் பெருமக்கள் முதலில் பொறுத்தருள வேண்டும். விண்ணப்பங்களும் கூட்ட அறிக்கைகளும் அன்றி வேறெதையும் எழுதிப் பழகாத கை இது. கொக்கட்டிக்குளத்து மாயாண்டியைப் பற்றி எழுதத் தகுதியுடையவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களுள் சிலர் இன்று இல்லை; இருப்பவர்களுக்கு அவகாசமில்லை. அந்த இடத்தில் தயங்கித் தயங்கி வந்து அமர்ந்த குற்றத்தையும், சொல்லில் நேரக்கூடிய பிழைகளையும் பெரிய மனதோடு மன்னிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன்.

மாங்குளத்திலிருந்து வடக்கே போகும் பெருந்தெருவை விட்டு இறங்கி, பாலை மரமும் வீரை மரமும் அடர்ந்த காட்டுப்பாதையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால் வருவது கொக்கட்டிக்குளம். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டின் கடைசியில், இடம்பெயர்ந்து போன சனம் ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்து, கூரைக்குக் கிடுகு போடுமுன்னரே வயலுக்கு நெல்லை எறிந்துவிட்டிருந்தது. மார்கழி பிறந்தபோது பயிர் முழங்காலுக்கு மேலே நின்றது. தூரத்தில் எங்கோ எறிகணைகள் விழும் ஓசை, யாரோ வேறொரு வீட்டில் மா இடிப்பது போல மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குச் சனம் பழகிவிட்டது. யானைக்குத்தான் யாரும் பழகவில்லை.

ஆகையால் ஒவ்வொரு வயலின் தலைமாட்டிலும் ஒரு பரண் இருந்தது. இருள் கவியத் தொடங்கும் மைமல் பொழுதில் காவல்காரர் பரணில் ஏறியதும் வாயருகே கைகளைக் குவித்து, “ஓ... ஹோய்!” என்று நீட்டிக் கூப்பிடுவார். பக்கத்து வயல்காரர் பதிலுக்குக் கூப்பிடுவார். அவருக்கு அடுத்தவர், அவருக்கும் அடுத்தவர் என்று அந்தக் குரல் குளத்தைச் சுற்றி வந்து முதல் ஆளிடமே சேரும். முதற் கூப்பாட்டுக்குப் பதில் வராவிட்டால் இரண்டாவது. அதற்கும் வராவிட்டால் மூன்றாவது. மூன்றாவதற்கும் பதில் இல்லையென்றால், கூப்பிட்டவர் என்ன இருட்டானாலும் பரணை விட்டிறங்கி அந்த வயலுக்கு வந்து பார்க்க வேண்டும். எழுதி வைத்த சட்டம் அல்ல. ஆனாலும் அதை மீறியவர் எவரும் அங்கே குடியிருக்கவில்லை.

மாயாண்டியின் பக்கத்துப் பரண்காரர் வீரபாகு. மரம் தறிக்கும்போது பாலை முறிந்து விழுந்ததால் ஒரு காலை இழுத்து நடப்பவர். இடம்பெயருமுன்னர் ஒரு போகத்தில் மாயாண்டி மலேரியாக் காய்ச்சலில் பரணிலேயே நினைவிழந்து கிடந்த பொழுதில், மூன்றாவது கூப்பாட்டுக்கும் பதில் வராததைக் கண்டு இறங்கி வந்தவர் அவர்தான். அந்தக் காலோடு அவனைத் தோளில் தூக்கி வீடு சேர்த்தவரும் அவர்தான்.

மாயாண்டி மலைநாட்டில் தேயிலைக்குள் பிறந்தவன். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் உடுத்த துணியோடு மனைவி வடிவம்மாவைக் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டி, வயலாக்கி, தர்மிளா என்ற ஒரே மகளைப் பெற்றான். மகளுக்கு இப்போது இருபது வயது. முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள்.

அந்த மார்கழியில் பிள்ளையார் கோயிலடி மருதமரத்தின் கீழ் ஊர்க்கூட்டம் கூடியது. கிராமக் குழுத் தலைவர் சிற்றம்பலம், யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து குடியேற்றத்திட்டக் காணிக்கு வந்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். “வீட்டுக்கு ஒராள் அடிப்படைப் பயிற்சிக்கு வரவேணும். பதினெட்டுக்கு மேலை யாரெண்டாலும் சரி. ஆம்பிளையோ பொம்பிளையோ, அது உங்கடை விருப்பம். போன ஆள் பயிற்சியிலை தவறினால், அந்த வீட்டிலை மற்ற ஆள் வரவேண்டிவரும். இது நான் சொல்லுறதில்லை, இயக்கம் சொல்லுறது, தெரியுந்தானே.”

தர்மிளா பெண்கள் வரிசையிலிருந்து எழ முயன்றாள். அதற்குள் மாயாண்டியின் கை உயர்ந்துவிட்டது.

“நீரோ மாயாண்டி?” என்றார் சிற்றம்பலம். “உமக்கு நாப்பத்தேழு வயதெல்லே. குந்தியிருந்து எழும்பவே ஆரையும் பிடிக்கிறீர்.”

“ஒங்களப் புடிச்சு எழும்ப மாட்டேங்க, பயப்படாதீங்க,” என்றான் மாயாண்டி. கூட்டம் சிரித்தது. வடிவம்மா மட்டும் சிரிக்கவில்லை. மகளுடைய கையைத் தன் சேலைத் தலைப்புக்குள் பிடித்து வைத்திருந்தாள்.

பயிற்சி தொடங்க இன்னும் சில நாட்கள் இருந்தன. விடியுமுன் குளக்கட்டில் மாயாண்டி ஓடப் பழகினான். யாரிடமோ இரவல் வாங்கிய கன்வஸ் சப்பாத்து அவனுக்குச் சிறிதாக இருந்தது. விரல்களை மடக்கி உள்ளே தள்ளினான். ஒருபுறம் குளம், மறுபுறம் வயல், இரண்டின் மேலும் பனி. காலடியில் கட்டு தெரியாத அந்த வேளைகளில், தான் மண்ணில் ஓடவில்லை, வானத்துக்கும் தண்ணீரில் விழுந்த வானத்துக்கும் நடுவே யாரோ கட்டிவிட்ட கயிற்றில் போகிறோம் என்று அவனுக்குத் தோன்றும். தாமரை இலைகள் அவனோடு கூடவே மெல்ல நகர்வதுபோல் இருக்கும். பிறகு மூச்சு முட்டும். உலகம் மறுபடி கனத்து, சப்பாத்து கடிக்கும்.

கூடவே ஓடி வரும் தர்மிளா வெறுங்காலோடு அவனைக் கடந்து போய், குளத்து நீர் வழியும் கலிங்கில் ஏறி இருந்துகொண்டு காத்திருப்பாள்.

“அப்பா, ஆமை ஒண்டு உங்களை முந்திக்கொண்டு போகுது, வழி விடுங்கோ!”

“அது சின்ன வயசு ஆமை, புள்ள.”

உறக்கத்திலும் அவன் ஓடினான். கனவில் அவனது பிறந்த மலை வரும். பனியில் நனைந்த தேயிலைச் சரிவில் கால் படாமல் மேலே மேலே ஏறுவான். மூச்சு வாங்காது. உச்சியில் மகள் சிறுமியாய் நின்று கை தட்டுவாள். விழித்ததும் அவன் அதைச் சொன்னால், “கனவிலை ஓடினதையும் கணக்கிலை சேர்க்கச் சொல்லிப் பயிற்சி குடுக்கிற மாஸ்ரரிட்டைக் கேப்பம்,” என்பாள் தர்மிளா.

ஒருநாள் அவள் சிரிக்காமல் கேட்டாள். “நான் போனால் என்ன அப்பா? நான் உங்களை விட நல்லா ஓடுறன்தானே.”

“அதுனாலதான் நீ போகக் கூடாது,” என்றான் மாயாண்டி. “நல்லா ஓடுறவங்கள முன்னுக்கு அனுப்புவாங்க. என்னைய மாதிரி ஆளப் பின்னால சாக்குத் தூக்கத்தான் விடுவாங்க.”

அவன் விரும்பியது அவ்வளவே. எப்படியாவது தேறிவிட வேண்டும். கடைசி ஆளாகவேனும் தேறிவிட வேண்டும். அவன் தேறினால் மகள் வீட்டில் இருப்பாள்.

பயிற்சித் திடலில் முதல் நாளே சிரிப்புக்கு இடமானது. பயிற்சி கொடுக்க வந்தவர் மெலிந்த இளைஞர். எல்லோரும் மாஸ்ரர் என்றே அழைத்தார்கள். வரிசையில் நின்றவர்களை அவர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். “மாயாண்டி!” என்றதும் மாயாண்டி தோளிலிருந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டி, தலை குனிந்து ஒரு கும்பிடு போட்டு, வரிசையை விட்டு விலகித் திடலின் ஓரத்துக்குப் போய் நின்றுகொண்டான். தேயிலைத் தோட்டத்தில் அதிகாலை ஆள்கணக்கெடுப்பின்போது பெயர் சொன்னவுடன் அப்படித்தான் விலகி, எந்த மலைக்கு வேலைக்குப் போவது என்று காத்து நிற்பார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக வன்னி மண்ணை உழுதும் உடம்பு அதை மறக்கவில்லை.

“ஐயா, எங்கை போறியள்?” என்றார் மாஸ்ரர்.

“நீங்க சொல்ற எடத்துக்குத்தான் தம்பி.”

வரிசை வெடித்துச் சிரித்தது. மாஸ்ரரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். “கும்பிடு வேண்டாம் ஐயா. வரிசையிலையே நில்லுங்கோ. இங்கை ஆரும் துரை இல்லை.”

அதன்பின் அவன் பழகினான். பாலைக் கட்டையில் துப்பாக்கிபோலச் செதுக்கிய பொய்த் துவக்கைப் பிடித்துக்கொண்டு முழங்கையால் ஊர்ந்தான். நாயுண்ணிப் பற்றைக்குள், முட்புதரின் நடுவே, அசையாமல் கிடந்தான். ஓடுவதில் கடைசியாக வந்தான். ஆனால் நடுவே நிற்காமல் வந்தான். அசையாமல் கிடப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. “ஐயா பத்தையோடை பத்தை,” என்று மாஸ்ரர் பாராட்டியதை அவன் வீட்டில் மூன்று விதமாகச் சொல்லிக் காட்டினான். வடிவம்மா அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தாள்.

கடைசிப் பயிற்சி எஞ்சியிருந்தது. பயிலுநர் பாதிப் பேர் காட்டோரம் மறைந்து காவல் கிடக்க வேண்டும். மற்றவர்கள் தேடி வருவார்கள். “ஒரு சத்தமும் வரக்கூடாது,” என்றார் மாஸ்ரர். “இருமினால்கூட வீட்டை போகவேண்டியதுதான். எங்கை கிடக்கப்போறம் எண்டு வீட்டிலையும் சொல்லக்கூடாது.” அவர் யாரையும் அச்சுறுத்தும் குரலில் பேசுபவர் அல்லர், ஆகையால் அச்சொற்கள் அப்படியே மனதில் பதிந்தன.

மாயாண்டிக்கு வாய்த்த இடம், விதி என்றுதான் சொல்ல வேண்டும், அவனுடைய வயலுக்கும் வீரபாகுவின் வயலுக்கும் இடைப்பட்ட காட்டோரம். பற்றைக்குள் குப்புறக் கிடந்தவாறே தன் பரணை அவனால் பார்க்க முடிந்தது. கணவன் வரப் பிந்தும் என்று எண்ணி வடிவம்மா வந்து, யானைக்கு அஞ்சிப் பரணின் அடியில் வழக்கம்போல் தீமூட்டி, ஈரக்கட்டை ஒன்றை அதன்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். நீலப் புகை நேராக எழுந்து, வயலின் மேல் ஒரு பாய் விரித்ததுபோல் பரவி நின்றது.

சூரியன் குளத்துக்குள் இறங்கிற்று. பயிரின் பச்சை கறுத்தது. கொக்குகள் தண்ணீரின் மேல் தாழப் பறந்து போயின; எவை கொக்கு, எவை நிழல் என்று பிரித்தறிய முடியவில்லை. மாயாண்டிக்கு உடம்பு இலேசாகி, தான் பற்றையாகவே மாறிவிட்டதாகவும் தன் முதுகில் புல் முளைப்பதாகவும் ஒரு மயக்கம் உண்டாயிற்று. இன்னும் சற்று நேரம். இருட்டு முழுதாக விழுந்துவிட்டால் போதும். மகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாட்டு அவன் காதுக்குள் யாரும் பாடாமலே ஓடியது.

“ஓ... ஹோய்!”

வீரபாகு பரணில் ஏறிவிட்டார்.

மாயாண்டியின் நெஞ்சு நிமிர்ந்தது. வாய் தானாகவே திறந்தது. பல்லைக் கடித்து மூடிக்கொண்டான். தான் இன்று பரணில் இருக்கப்போவதில்லை என்பதை வீரபாகுவிடம் சொல்லவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. சொல்லாதே என்றார்கள், சொல்லவில்லை. ஆனால் பரணடியில் புகை எழும்புகிறது. புகை இருக்கும் இடத்தில் ஆள் இருக்க வேண்டும்.

“ஓ... ஹோய்! மாயாண்டீ!”

இரண்டாவது கூப்பாட்டில் பெயரும் சேர்ந்து வந்தது. குரலில் கேள்வி இருந்தது. காட்டுக்கு அப்பால், தேடி வருபவர்களின் காலில் சருகு நெரியும் ஓசை மெல்லக் கேட்டது. அவர்கள் அவனைத் தாண்டிப் போய்விடுவார்கள். போய்க்கொண்டே இருக்கிறார்கள். மாயாண்டி நெற்றியை மண்ணில் புதைத்தான். வேறு யாராவது பதில் சொல்லட்டும் என்று பிள்ளையாரை வேண்டினான். ஆனால் பக்கத்து வயலுக்குரிய பதிலைப் பக்கத்து வயல்தான் சொல்ல வேண்டும்.

அப்போது இடப்பக்கக் காட்டுக்குள் ஒரு கொப்பு முறிந்தது. காற்றில் முறியும் ஓசையல்ல அது. ஒருமுறை முறிந்து, நின்று, நிதானமாக மீண்டும் முறிந்தது. அந்தக் கிழமை முழுவதும் ஊரைக் கலங்கவைத்த தனியன் யானை அது. இரண்டு வயல்களுக்கும் இடையே, வீரபாகு இறங்கி வரும் ஒற்றையடிப் பாதையின் மேல் அது வந்து நின்றது.

“ஓ... ஹோய்!”

மூன்றாவது கூப்பாடு குளத்தில் பட்டுத் திரும்பி வந்து அடங்கியது. பிறகு நிசப்தம். அந்த நிசப்தத்துக்குள், பரண் ஏணியில் ஒரு தடி தட்டும் ஓசை. வீரபாகு இறங்குகிறார். நல்ல கால் முதலில்; இழுக்கும் கால் பிறகு.

மாயாண்டி எழுந்து முழங்காலில் நின்றான். இரு கைகளையும் வாயருகே குவித்தான்.

“ஓ... ஹோய்! எறங்காதீங்க அண்ணே! பாதையில ஆனை! எறங்காதீங்க!”

காடெல்லாம் கேட்டது. ஊரெல்லாம் கேட்டது. வீரபாகுவின் பரணிலிருந்து, “ஓமடா!” என்று பதில் வந்தது, தொடர்ந்து தகரம் அடிக்கும் ஓசை. அடுத்த பரணும் அடித்தது, அதற்கடுத்ததும் அடித்தது. தனியன் சினத்தோடு கொப்புகளை மிதித்துக்கொண்டு காட்டுக்குள் விலகிப் போயிற்று.

மாஸ்ரர் வந்து மாயாண்டிக்கு அருகில் குந்திக்கொண்டார்.

“ஐயா, இது உண்மையான காவலரண் எண்டால், உங்களுக்குப் பக்கத்திலை கிடந்த பொடியளெல்லாம் செத்திருப்பினம்.”

“ஓம் தம்பி.”

“தெரிஞ்சுதான் கூப்பிட்டியளோ?”

“தெரிஞ்சுதான் தம்பி. இன்னொருக்கா இப்புடி நடந்தாலும் கூப்புடுவேன். அதுனால நீங்க என்னைய வச்சிருக்கிறது சரியில்ல. ஆனா...” அவன் மாஸ்ரரின் கையைப் பற்றிக்கொண்டான். “எம் மகள எடுக்காதீங்க. என்னையச் சாக்குத் தூக்க விடுங்க.”

மாஸ்ரர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. “அது என்ரை கையிலை இல்லை ஐயா,” என்றார். அந்த மங்கல் வெளிச்சத்தில் அவரும் யாரோ ஒரு தகப்பனின் பிள்ளையாகவே தெரிந்தார்.

வீட்டில் ஜாம் போத்தல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூப்பாடு அங்கேயும் கேட்டிருந்தது.

“வாயத் தொறக்காம இருந்திருக்கக் கூடாதா?” என்றாள் வடிவம்மா. “ஒரே ஒருவாட்டி?”

“தொறக்காட்டி அந்த மனுசன் எறங்கி வந்திருப்பாரு, வடிவு.”

வடிவம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய வாய்க்குள்ளிருந்து, “வந்திருப்பாருதான்,” என்ற சொல் மட்டும் வெளியே வந்தது.

தர்மிளா தகப்பனுடைய சப்பாத்தை எடுத்துத் தன் காலில் போட்டுப் பார்த்தாள். அது அவளுக்கு அளவாக இருந்தது.

“பாருங்கோவன் அப்பா,” என்றாள், “முதலிலையிருந்தே எனக்குத்தான் தைச்சிருக்கு.” அவள் சொன்னது பகிடியாகத்தான். ஆனால் யாரும் சிரிக்காதபடியால், அவளே குனிந்து கயிற்றைக் கட்டினாள்.

காலையில் அவள் தகப்பனுக்குப் பதிலாகப் பயிற்சிக்குக் குளக்கட்டால் போனாள். பனி இடுப்புவரை நின்றது. கால்கள் தெரியாமல் அவள் மிதந்து போவதுபோல் இருந்தது. கட்டின் முடிவில் ஒருமுறை திரும்பி, கைகளை வாயருகே குவித்து, “ஓ... ஹோய்!” என்றாள். மாயாண்டி பதில் கூப்பிட்டான். கனவில் மலை ஏறும்போது அவனுக்கு மூச்சு வாங்காதல்லவா. அன்று கூப்பிட்ட ஒரு கூப்பாட்டுக்கு அவனுக்கு மூச்சுப் போதவில்லை.

சித்திரை மாதம், ஆனையிறவுப் பக்கத்தில் காயப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது தர்மிளா இறந்தாள். நன்றாக ஓடுகிறவள் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள்.

செய்தி வந்த நாளன்று வீரபாகு மாயாண்டியின் முற்றத்துக்கு வந்து தடியைக் கீழே வைத்துவிட்டு மண்ணில் இருந்தார். “நான் கூப்பிட்டிருக்கக் கூடாதடா,” என்றார். “நான் பேசாமலிருந்திருக்கக் கூடாதுங்க, அண்ணே. இன்னைக்கி பரணுக்கு வரமாட்டேன்னு ஒரு சொல்லு சொல்லியிருக்கணும்,” என்றான் மாயாண்டி. அதற்குப் பிறகு வந்த போகங்களில் இருவரும் பரணில் ஏறினார்கள், இருவரும் கூப்பிடவில்லை.

இழந்தவை வருமாறு: மகள், ஒருத்தி. இரவல் வாங்கிய சப்பாத்து, ஒரு சோடி. அது திரும்பி வரவில்லை. அடுத்த காலபோகத்தில் பன்றி புகுந்து அழித்த வயல், மாயாண்டியினுடையது முழுவதும், வீரபாகுவினுடையதில் பாதி. முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டின் பிற்பகுதி. மைமல் பொழுதில் குளத்தைச் சுற்றி வரும் கூப்பாடு. அந்த இரண்டு பரண்களுக்கு இடையில் அது அறுந்துபோனது.